மெக்டஃபின் இடது கை: நியூவார்க், ஜூன் 5, 1963

1963 ஜூன் 5, புதன்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரத்தில் ‘ஃபிரண்ட் ரூம்’ என்றொரு கிளப். அங்கே அன்று வாசித்தவர்கள் ஜாஸ் கலைஞர் பிரதர் ஜாக் மெக்டஃபின் குழுவினர். ஆர்கனில் மெக்டஃப், டெனர் சாக்ஸபோனில் ரெட் ஹாலோவே, கிதாரில் ஜார்ஜ் பென்சன், டிரம்ஸில் ஜோ டியூக்ஸ். சில உருப்படிகளில் மட்டும் ஹரால்ட் விக் இரண்டாவது டெனராகச் சேர்ந்துகொண்டார். பிரெஸ்டீஜ் நிறுவனம் அந்த வாசிப்பைப் பதிவு செய்து எல்.பி. இசைத்தட்டாக வெளியிட்டது. தட்டின் தலைப்பு ‘லைவ்!’ என்ற ஒரே சொல்தான்.

அந்தத் தட்டைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் பென்சனுக்காகத்தான் கேட்டேன். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருபது வயதில் எப்படி வாசித்தார் என்று அறியும் ஆசை. அப்புறம் கவனம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இந்தக் குழுவில் பேஸ், அதாவது இசைக்கு அடித்தளமான தாழ்ந்த சுரங்கள், வாசிக்கத் தனியாக ஆள் கிடையாது. ஆனால் பேஸ் இருக்கிறது, அதுவும் அறையின் தரை அதிர்வது போல இருக்கிறது. அதை வாசிப்பது மெக்டஃபின் இடது கை. அன்று கிளப்பில் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் கையைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் எண்ணம். இந்த ஆய்வும் அந்த வழியில்தான் போகிறது.

ஊரும் அறையும்

நியூவார்க், மன்ஹாட்டனுக்கு மேற்கே ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் துறைமுக, தொழிற்சாலை நகரம். 1960 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 4,05,220. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் கறுப்பின மக்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் அவை. பாடகி சாரா வானும் சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டரும் பிறந்த ஊர் இது. சவாய் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியதும் இங்கேதான். நியூயார்க் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நியூவார்க்குக்கென்று தனியாக ஒரு ரசனை இருந்தது. அந்த ரசனையின் நடுவில் ஆர்கன் இருந்தது. கீ கிளப், கெடிலாக் கிளப், கிளிஷே லவுஞ்ச், ஃபிரண்ட் ரூம் என்று ஆர்கன் குழுக்கள் வாசித்த கிளப்புகள் ஊருக்குள் பல. கிளிஷே லவுஞ்சில் கிதார்காரர் கிராண்ட் கிரீனும் கெடிலாக் கிளப்பில் சாக்ஸபோன்காரர் லூ டொனால்ட்சனும் 1970இல் வாசித்தவையும் ஆர்கன் குழுவோடுதான் பதிவாயின.

இவை கச்சேரி மண்டபங்கள் அல்ல. வேலை முடிந்து வந்தவர்கள் குடிக்கவும் பேசவும் நண்பர்களைப் பார்க்கவும் கூடும் இடங்கள். யாரும் அமைதி காக்க வேண்டியதில்லை. இசைக்காரர் அந்தப் பேச்சையும் சிரிப்பையும் கண்ணாடிக் குவளைகளின் சத்தத்தையும் மீறித்தான் தன்னைக் கேட்கவைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஜனங்கள் பேச்சைத் தொடர்வார்கள். பிடித்துவிட்டால் கத்துவார்கள். நம் கச்சேரிகளில் ‘பலே’, ‘ஆஹா’ என்பது போல அங்கேயும் சொற்கள் உண்டு. அவற்றில் பல ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கியாருக்குச் சொல்லும் சொற்களேதான்.

பொருளாதாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கேபரே வரி என்று ஒன்று கடுமையாக்கப்பட்டது. பாட்டோ ஆட்டமோ உள்ள உணவகங்களும் மதுக்கூடங்களும் வாடிக்கையாளரின் ரசீதில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். 1944இல் அது 30 சதவீதம் வரை ஏறியது. பிறகு படிப்படியாகக் குறைந்து 1965இல்தான் நீங்கியது. பாடகர் இல்லாமல், ஆடுகளம் இல்லாமல், கருவியிசை மட்டும் இருந்தால் வரி இல்லை. பெரிய பேண்டு வைக்கக் கட்டுப்படியாகாத கிளப் முதலாளிக்கு ஆர்கன் குழு நல்ல கணக்காக அமைந்தது. பியானோ வாசிப்பவர், பேஸ் வாசிப்பவர் என்ற இரண்டு சம்பளங்களுக்குப் பதிலாக ஒன்று, அதிலும் பதினைந்து பேர் வாசிப்பது போன்ற சத்தம்! இந்த ஆர்கன் குழுக்கள் வாசித்த சோல் ஜாஸ் எப்படி உருவானது என்று பேசும்போது காஸ்பெல் எனும் சர்ச் இசை, புளூஸ் எனும் கறுப்பின மக்களின் பாட்டு மரபு என்று உணர்வுபூர்வமான வேர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். கிளப்பின் கல்லாப்பெட்டியும் அதில் ஒரு வேர்தான். அதைச் சொல்வதால் இசையின் மதிப்பு எனக்குக் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

கருவி

ஹாமண்ட் பி-3. லாரன்ஸ் ஹாமண்ட் தன் முதல் மின் ஆர்கனை 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகள் அதை ஆர்வத்தோடு வாங்கின. கறுப்பினத்தவரின் சர்ச்சுகளில் அது ஆராதனையின் அங்கமாகவே ஆகிவிட்டது. பி-3 மாடல் 1950களின் நடுவில் வந்தது. ஆக, ஃபிரண்ட் ரூமில் உட்கார்ந்திருந்த பலருக்கு அந்தச் சத்தம் குழந்தைப் பருவத்திலிருந்தே பழக்கமானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்ட குரலைப் புதன்கிழமை மதுக்கூடத்திலும் கேட்டார்கள். மெக்டஃபின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பிரதர்’ என்பதும் சர்ச்சில் சகோதரரை அழைக்கும் சொல்தான்.

இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும். பெட்டிக்குள்ளே ஒரு மோட்டார், அது சுழற்றும் 91 பல்சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு காந்தத்துக்கு அருகில் சுற்றி ஒரு சுரத்தை மின்னலையாக உண்டாக்குகிறது. கைக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசைகள், வரிசைக்கு 61 கட்டைகள். காலுக்கு 25 கட்டைகள். அப்புறம் டிராபார் எனப்படும் இழுப்பான்கள், ஒரு தொகுதிக்கு ஒன்பது. எந்த இழுப்பானை எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ப மேல் சுரங்கள் கலந்து தொனி மாறும். ஜாஸ் ஆர்கன்காரர் ஜிம்மி ஸ்மித் பிரபலமாக்கிய தொனிக்கு முதல் மூன்று இழுப்பான்களை முழுசாக இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஜாஸ் ஆர்கன்காரர்கள் பெரும்பாலானோரின் தொடக்கப் புள்ளி அதுவே.

பி-3யில் புதிதாக வந்தது பெர்கஷன் என்ற வசதி. கட்டையைத் தொட்டதும் ‘டக்’ என்று ஒரு தட்டல் சுரத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு வந்து உடனே மறைந்துவிடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தியிருக்கும் எல்லாக் கட்டைகளிலிருந்தும் விரல் எழுந்த பிறகு தொட்டால்தான் அந்தத் தட்டல் கேட்கும். ஒன்றோடொன்று ஒட்டி வாசித்தால் முதல் சுரத்துக்கு மட்டும் தட்டல் விழும், அடுத்தவை வழுக்கிக்கொண்டு போகும். சோல் ஜாஸ் ஆர்கன்காரர்கள் சில சொற்களைக் கடித்துக் கடித்து உச்சரிப்பது போலவும் சிலவற்றை இழுத்துப் பாடுவது போலவும் வாசிப்பதில் இந்த நுட்பத்துக்குப் பங்கு உண்டு. கருவியின் ஒரு குணத்தை வைத்தே அவர்கள் ஒரு பேச்சு நடையை உண்டாக்கிக்கொண்டார்கள். கட்டையை அழுத்தும்போது மின்தொடுப்புகள் சேரும் சின்ன ‘கிளிக்’ சத்தமும் அப்படித்தான். ஹாமண்ட் அதைக் குறை என்று நினைத்தார். ஜாஸ்காரர்களுக்கு அது தாளத்தின் கூர்மையாகப் பட்டது.

பெர்கஷன் மேல் வரிசைக்கு மட்டும்தான் உண்டு. இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இடது கை பேஸ் வாசிப்பது கீழ் வரிசையில். அங்கே தட்டல் கிடையாது. அத்தோடு ஆர்கன் சுரம் தேய்ந்து மறையாது. கம்பி பேஸைச் சுண்டினால் சுரம் பலமாகத் தொடங்கி மெல்ல அடங்கும், அந்த அடங்கலிலேயே தாளம் இருக்கிறது. ஆர்கனில் விரலை எடுக்கும் வரை சுரம் அதே அளவில் நின்றுகொண்டிருக்கும். அப்படியே விட்டால் பேஸ் வரி கஞ்சி போலக் குழைந்துவிடும். ஆகவே ஆர்கன்காரர் சுரத்தை எப்போது தொடங்குவது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எப்போது விடுவது என்பதையும் ஒவ்வொரு அடிக்கும் முடிவு செய்ய வேண்டும். தலையில் ஒரு ‘தும்’ வேண்டுமே, அதற்கு இடது கால். கால்கட்டையை முழுசாக அழுத்தாமல் லேசாகத் தட்டிவிட்டு எடுப்பார்கள். கையின் சுரமும் காலின் தட்டலும் சேர்ந்து காதில் ஒரே பேஸாக விழும். வலது கால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடலில். வலது கை மெட்டிலும், கார்டுகள் எனப்படும் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளிலும். ஒரே ஆள், நான்கு வேலை.

இதெல்லாம் வெளியே வருவது லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக. டான் லெஸ்லி என்பவர் 1940களின் தொடக்கத்தில் விற்கத் தொடங்கிய பெட்டி அது. உள்ளே மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு உருளையும் சுழலும். சத்தம் காதை நோக்கி வரும்போது சற்று ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்கும். மெதுவாகச் சுழல்வதிலிருந்து வேகத்துக்கு மாறும் அந்தச் சில வினாடிகளில் கூட்டம் எழுந்து கத்துவதைப் பல நேரடிப் பதிவுகளில் கேட்கலாம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். இருக்கை, கால்கட்டைகளோடு சேர்த்து பி-3 ஏறக்குறைய 190 கிலோ. லெஸ்லி பெட்டி தனி. ஊர் ஊராகப் போகும் குழு இதைப் படிகளில் ஏற்றி இறக்க வேண்டும். ஜிம்மி ஸ்மித் தன் ஆர்கனை எடுத்துச் செல்ல ஒரு சவ ஊர்தியையே வைத்திருந்தார். வண்டி நீளம், பின்கதவு அகலம், சரியாகப் பொருந்தியது.

நால்வர்

மெக்டஃப் 1926 செப்டம்பரில் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் என்ற ஊரில் பிறந்தவர். இயற்பெயர் யூஜின் மெக்டஃபி. இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான செய்தி, அவர் இசைத் தொழிலைத் தொடங்கியது பேஸ் வாசிப்பவராக. பியானோவையும் ஆர்கனையும் பின்னால் தானாகவே கற்றுக்கொண்டார். பியானோவிலிருந்து ஆர்கனுக்கு வந்தவர்களுக்கு இடது கை ஒரு புதுச் சுமை. இவருக்கு அது பழைய வீடு. 1950களின் இறுதியில் சாக்ஸபோன்காரர் வில்லிஸ் ஜாக்சனோடு வாசித்துவிட்டு, 1960இலிருந்து பிரெஸ்டீஜுக்காகத் தன் பெயரில் தட்டுகள் போட்டார்.

ரெட் ஹாலோவேக்கு ஐந்து நாள் முன்புதான் 36 வயது நிறைந்திருந்தது. ஆர்கன்சாவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். டியூசேபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டயட்டின் மாணவர். கறாரான வாத்தியார் என்று பெயரெடுத்த டயட்டின் கையில் எத்தனையோ பெரிய ஜாஸ் கலைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள். பள்ளிக்குப் பிறகு சிகாகோவின் புளூஸ்காரர்களோடு வருடக்கணக்கில் வாசித்தார். இசையைப் படிக்கவும் தெரியும், மதுக்கூடத்தைக் கத்தவைக்கவும் தெரியும். ஆர்கன் குழுவுக்கு இந்த இரண்டும் சேர்ந்த ஆள்தான் வேண்டும்.

ஜோ டியூக்ஸைப் பற்றி வெளியே தெரிந்தது குறைவு. அது நியாயமில்லை. மெக்டஃப் அவரை எப்படி மதித்தார் என்பதற்கு ஒரு சான்று போதும். 1964இல் டியூக்ஸ் பெயரில் பிரெஸ்டீஜ் ஒரு தட்டு வெளியிட்டது. அதில் வாசித்தது இதே நால்வர் குழு. தலைவர் தன் குழுவையே டிரம்மருக்குக் கொடுத்து அவர் பெயரை அட்டையில் போடவிட்டார்.

பென்சனுக்கு வயது 20. பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர், சின்னப் பையனாக இருந்தபோதே பாடித் தட்டு போட்டவர். கிதார் வேகம் கையில் இருந்தது. ஜாஸ் கார்டுகளின் நடையும் புளூஸின் பொறுமையும் இனிமேல்தான் வர வேண்டும். மெக்டஃப் கண்டிப்பான தலைவர் என்பதைப் பென்சன் பின்னாளில் பேட்டிகளில் பல முறை சொல்லியிருக்கிறார். மேடையிலேயே திட்டு விழும். ஆனால் இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர், ஒரே குழுவோடு மணிக்கணக்கில் வாசிக்கும் வாய்ப்பு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

அன்று வாசித்தவை

தட்டில் ஆறு உருப்படிகள். முதலில் ‘ராக் கேண்டி’. பெயருக்குப் பொருள் கற்கண்டு. மெக்டஃப் இயற்றியது, புளூஸை அடிப்படையாகக் கொண்டது, பின்னாளில் அவருடைய அடையாளமாகவே ஆனது. இதிலிருந்து தொடங்குவோம், இடது கை இங்கேதான் துலக்கமாகக் கேட்கிறது.

இடது கையின் பேஸ் என்ற தரை போடப்பட்டதும் மற்ற மூவரும் அதன் மேல் எவ்வளவு சுதந்திரமாக நடக்கிறார்கள் பாருங்கள். பேஸும் கார்டுகளும் ஒரே மூளையிலிருந்து வருவதால் இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தை தேவைப்படவில்லை. மெக்டஃப் கார்டை ஒரு அடி தள்ளிப் போட நினைத்தால் பேஸ் ஏற்கெனவே அதை அறிந்திருக்கும். டியூக்ஸுக்கு இது பெரிய வசதி, அவர் ஒரே ஆளைக் கேட்டால் போதும். டிரம்ஸும் பேஸும் பூட்டிக்கொள்ளும் அந்த இறுக்கத்தை நான்கு பேர் குழுவில் வேறு எந்த அமைப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அடுத்தது ரிஃப். ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் பின்னால் சின்னச் சின்ன வாக்கியங்களை ஒரே குரலில் எறிவார்கள். பெரிய பேண்டுகளில் டிரம்பெட் வரிசையும் டிராம்போன் வரிசையும் செய்யும் வேலை அது. இங்கே ஒரு சாக்ஸபோனும் ஒரு கிதாரும் ஆர்கனின் வலது கையும் அதைச் செய்கின்றன. கேட்பவருக்கு எல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது போலப்படும். உண்மையில் இவை கட்டிவைக்கப்பட்ட ஏற்பாடுகள். மெக்டஃபின் குழு அந்த நாளில் மற்ற ஆர்கன் குழுக்களிலிருந்து தனித்துத் தெரிந்ததற்குக் காரணம் இந்த ஏற்பாடுகளின் கட்டுக்கோப்பு. எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் ஒரே அடியில் சேர்ந்து இறங்குவது என்பதெல்லாம் ஒத்திகை பார்த்தவை. மதுக்கூட இசை, சும்மா ஒரே புளூஸைப் போட்டு அரைப்பது என்று சோல் ஜாஸை ஒதுக்கிய விமர்சகர்கள் அந்தக் காலத்தில் உண்டு. இந்த ஒரு உருப்படியில் எத்தனை முறை நால்வரும் ஒரே மூச்சில் நின்று ஒரே மூச்சில் தொடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

இரண்டாவது, ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவுக்காக எழுதிய ‘இட் எய்ன்ட் நெசசரிலி ஸோ’. பைபிளில் சொல்லியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே என்று ஒரு போதைப்பொருள் வியாபாரி பாடும் பாட்டு. அதை சர்ச் கருவியில் வாசித்துவிட்டு அடுத்தபடியாக ‘சாங்டிஃபைட் சாம்பா’ என்று மெக்டஃப் போகிறார். ‘புனிதமாக்கப்பட்ட’ என்ற அந்த அடைமொழி ஒரு குறிப்பிட்ட வகை சர்ச்சையும் அங்கே கைதட்டி ஆடிப் பாடும் வழிபாட்டையும் நினைவூட்டுவது. சாம்பாவோ பிரேசிலிலிருந்து வந்தது, 1962, 63இல் அமெரிக்கா முழுக்கப் பிரேசில் தாளம்தான் பேச்சு. அந்த நேரத்து மோகத்தைக் குழு எடுத்துக்கொண்டது, ஆனால் தன் தெருவின் சர்ச்சுக்குள் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது.

மறுபக்கத்தில் ‘விசில் வைல் யூ ஒர்க்’. 1937இல் டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் சித்திரப் படத்துக்காக எழுதப்பட்ட, குழந்தைகள் பாடும் பாட்டு. தட்டில் என்னை அதிகம் ஈர்க்காத உருப்படி இதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிகிறது. கிளப்புக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. தெரிந்த மெட்டைக் கொடுத்தால் அதை என்ன செய்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பின்தொடர முடியும். பிறகு ‘எ ரியல் குட்அன்’. கடைசியில் டிரம்பெட்காரர் சார்லி ஷேவர்ஸ் 1938இல் மெட்டமைத்த ‘அன்டிசைடட்’. ஸ்விங் காலத்து ஆட்டப் பாட்டான இதை அந்தக் கிளப்பில் நாற்பது வயது தாண்டியவர்கள் இளமையில் ஆடிக்கூடத் தீர்த்திருப்பார்கள்.

ஆறையும் சேர்த்துப் பார்த்தால் மெக்டஃபின் கணக்கு புரியும். தன் புளூஸ், மேடை நாடகம், சர்ச், அந்த வருடத்து மோகம், குழந்தைப் பாட்டு, ஸ்விங். அறையில் இருக்கும் எவரும் ஏதாவது ஒரு கதவு வழியாக உள்ளே வந்துவிடலாம். வந்த பிறகு கிடைப்பது ஒரே சாப்பாடு, அதைச் சமைப்பது அதே இடது கை.

பென்சனுக்கு வருவோம். ஆர்கன் குழுவில் கிதாருக்கு இரண்டு பணி. ஆர்கன்காரரின் வலது கை தனியாக வாசிக்கப் போகும்போது கார்டுகளைக் கிதார் தாங்க வேண்டும். கிதார் தனியாகப் போகும்போது ஆர்கன் கார்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கார்டு போட்டால் இடித்துக்கொள்ளும், இரண்டு பேரும் விட்டால் நடுவில் ஓட்டை விழும். இந்தக் கைமாற்றத்தை ஒவ்வொரு உருப்படியிலும் கேட்கலாம். தனி வாசிப்பில் பென்சனின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் பின்னணியில் நிற்கும் நிமிடங்களைக் கேளுங்கள் என்பேன் நான். இருபது வயதுக்காரர், கைக்குள் அவ்வளவு வேகம், ஆனாலும் ஹாலோவே பேசும்போது இரண்டு சுர வெட்டுகளோடு ஒதுங்கி நிற்கிறார். யாரோ அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே அறை, பதினெட்டு மாதம் கழித்து

இந்த ஆய்வுக்கு ஒரு நல்ல ஒப்பீடு கிடைத்திருக்கிறது, அதுவும் அதே ஃபிரண்ட் ரூமில். 1964 டிசம்பரில் ஷெர்லி ஸ்காட் அங்கே வாசித்ததை இம்பல்ஸ் நிறுவனம் பதிவு செய்தது. அதுவும் நால்வர் குழு. ஆர்கனில் ஸ்காட், டெனர் சாக்ஸபோனில் அப்போது அவருடைய கணவராக இருந்த ஸ்டான்லி டரன்டைன், டிரம்ஸில் ஓடிஸ் ஃபிஞ்ச். நான்காவது ஆள் கிதார்காரர் இல்லை, பேஸ் வாசித்த பாப் கிரான்ஷா.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அறை அதே, ஊர் அதே, கருவி வகை அதே. மாறியது பேஸ் யார் கையில் என்பது. கிரான்ஷா இருப்பதால் ஸ்காட்டின் இடது கைக்கு விடுதலை. அவர் இரண்டு கையாலும் கார்டுகளை அடர்த்தியாகக் கட்டுகிறார், திடீரென்று விலகி வெறும் காற்றை விடுகிறார், டரன்டைனின் சாக்ஸபோனுக்கு அடியில் சாமரம் வீசுவது போல வாசிக்கிறார். பேஸின் ஒவ்வொரு சுரமும் துல்லியமாகக் கேட்கிறது. நேர்த்தி என்ற வகையில் ஸ்காட்டின் பதிவுக்கு நான் ஒரு படி கூடுதலாகவே மதிப்பெண் போடுவேன். ஆர்கனில் இவ்வளவு நளினமாகப் பேசியவர்கள் மிகச் சிலர்.

மெக்டஃபின் பதிவில் பேஸ் சில இடங்களில் மங்கலாகத்தான் கேட்கிறது. மதுக்கூடத்தில் ஆர்கனின் கீழ்ச் சுரங்கள் சுவரெல்லாம் பரவி எல்லா மைக்குக்குள்ளும் நுழைந்துவிடும், அதைத் தடுப்பது கடினம். ஆனால் அந்த மங்கலில் ஒரு பலம் இருக்கிறது. ஸ்காட்டின் குழுவில் தாளம் இரண்டு பேர் சேர்ந்து சுமப்பது, அதனால் அது சீராக இருக்கிறது. மெக்டஃபிடம் அது ஒரே உடம்பிலிருந்து வருகிறது. அவர் உற்சாகமடைந்தால் மெட்டு, கார்டு, பேஸ், ஒலி அளவு எல்லாமே ஒரே நொடியில் சேர்ந்து எழும்பும். கூட்டம் கத்தும்போது அந்தக் கத்தல் இடையில் எந்தத் தரகரும் இல்லாமல் நேராகத் தரைக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்டுடியோவில் இதே குழு போட்ட தட்டுகளும் என்னிடம் உண்டு. இதே கைகள்தான், இதே கண்டிப்புதான். ஆனால் அங்கே இடது கை வேலையைச் செவ்வனே செய்கிறது, ஃபிரண்ட் ரூமில் அது கூட்டத்துக்குப் பதில் சொல்கிறது.

இன்றைக்கு ஆர்கன் குழு வைப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைக் கேள்வி இருக்கிறது. 190 கிலோ பெட்டியைத் தூக்க ஆளில்லை, ஆகவே எடை குறைந்த மின்னணுக் கட்டைப்பலகைகள் வந்துவிட்டன. பல்சக்கரச் சத்தத்தையும் லெஸ்லியின் சுழற்சியையும் அவை நன்றாகவே பாவனை செய்கின்றன. ஆனால் ஒரு வரிசைக் கட்டையோடு, கால்கட்டைகள் இல்லாமல், பேஸுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு வாசித்தால் கிடைப்பது வேறொரு இசை. அது தவறில்லை, ஸ்காட்டே பேஸ் வாசிப்பவரோடு சாதித்திருக்கிறார். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகு

அந்த ஆண்டு அக்டோபரிலேயே குழுவின் அடுத்த நேரடிப் பதிவு சான்பிரான்சிஸ்கோவின் ஜாஸ் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. 1964இல் ஐரோப்பாவுக்குப் போனார்கள், ஸ்டாக்ஹோமில் வாசித்ததும் தட்டாக வந்தது. அதே வருடம் பென்சன் தன் பெயரில் போட்ட முதல் எல்.பி.யின் அட்டையிலேயே ‘பிரதர் ஜாக் மெக்டஃப் குவார்ட்டட்டோடு’ என்று அச்சாகியிருந்தது. ஹாலோவேயும் இதே குழுவை வைத்துத் தன் பெயரில் ஒரு தட்டுப் போட்டார். நால்வரும் மாறி மாறி ஒருவர் பெயரின் கீழ் மற்றவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

நியூவார்க்கின் கிளப்புகளுக்கு நல்ல காலம் நீளவில்லை. 1967 ஜூலையில் போலீசார் ஒரு கறுப்பின டாக்சி ஓட்டுநரை அடித்ததில் தொடங்கிய கலவரம் சுமார் ஐந்து நாட்கள் நீடித்தது. 26 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கடைகள் மூடின, வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள், இரவில் வெளியே வரும் பழக்கம் குறைந்தது. அதன் பிறகும் சில கிளப்புகளில் ஆர்கன் ஒலித்தது, முன்பே சொன்ன 1970 பதிவுகளே சாட்சி. ஆனால் பி-3 தயாரிப்பையே ஹாமண்ட் 1970களின் நடுவில் நிறுத்திவிட்டது. மெக்டஃப் விடாமல் வாசித்தார். 2001 ஜனவரியில் மினியாபொலிஸில் காலமானார்.

பென்சன் 1965 வாக்கில் மெக்டஃபிடமிருந்து விலகித் தனிக்குழு அமைத்தார். கண்டிப்பான தலைவரிடமிருந்து வெளியே வந்த இளைஞர், சீக்கிரமே பெரிய நிறுவனமான கொலம்பியாவின் ஒப்பந்தமும் கிடைத்தது, இனி எந்தக் கருவியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர் கூட்டிய நால்வர் குழுவில் கிதார், சாக்ஸபோன், டிரம்ஸ் இருந்தன. பேஸுக்குத் தனி ஆள் இல்லை. லோனி ஸ்மித் என்ற இளைஞரை ஆர்கனில் உட்காரவைத்து, பேஸை அவருடைய இடது கையில் கொடுத்தார்.